லேத் மாமாவின் முட்டி வலி

அந்த வருஷம் எங்கள் தெருவில் பெரியவர்கள் எல்லோரும் சேர்ந்து பொய் சொல்ல ஆரம்பித்தார்கள். அதைக் கண்டுபிடித்தவள் நான். அப்போது எனக்குப் பத்து வயது. ஐந்தாம் வகுப்பில் கிளாஸ் லீடர். டீச்சர் இல்லாத நேரத்தில் பேசுகிறவர்கள் பெயரைக் கரும்பலகையில் எழுதும் அதிகாரம் என் கையில் இருந்தது. பொய் எனக்குப் பிடிக்காது என்று அந்த நாளில் சொல்லிக்கொண்டு திரிவேன். பொய் சொன்னவரைப் பிடித்துக் கொடுப்பது ரொம்பப் பிடிக்கும் என்பதுதான் நிஜம்.

பருத்திப்பட்டில் ஏரிக்கரையை ஒட்டி இரண்டே வரிசை வீடுகள் கொண்ட தெரு எங்களுடையது. தாத்தா காலத்தில் எல்லோரும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டார்கள். அப்பா காலத்தில் எல்லோரும் ஷிப்டுக்குப் போனார்கள். பாதிப் பேருக்கு அம்பத்தூர் எஸ்டேட், பாதிப் பேருக்கு ஆவடி. காலை ஆறுக்கு முதல் ஷிப்ட், மத்தியானம் இரண்டுக்கு இரண்டாவது, ராத்திரி பத்துக்கு மூன்றாவது. வாரா வாரம் திங்கட்கிழமை ஷிப்ட் மாறும். எந்த நேரத்தில் பார்த்தாலும் தெரு ஆண்களில் ஒரு பங்கு வேலையில் இருப்பார்கள், ஒரு பங்கு தூங்குவார்கள், மிச்சமுள்ள ஒரு பங்கு சும்மா இருப்பார்கள். அவர்களுக்குப் பெயரே மெஷினை வைத்துத்தான். கிரேன் ஓட்டுகிறவர் கிரேன் மாமா, லேத்தில் நிற்கிறவர் லேத் மாமா. யாரும் சொந்த மாமா இல்லை.

சாயங்காலம் சும்மா இருப்பவர்கள் பம்பு ஷெட் பக்கத்து மைதானத்தில் பூப்பந்து ஆடுவார்கள். இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர், நடுவில் வலை, மஞ்சள் உல்லன் பந்து. பம்பு ஷெட் சுவரில் கரித்துண்டால் பாயின்ட் எழுதுவது என் வேலை. முள்ளுக்குள் போன பந்தை எடுத்து வருவதும் என் வேலை. அதனால் யார் வந்தார்கள், யார் வரவில்லை என்ற கணக்கு எனக்கு அத்துப்படி. எப்போதும் பதினொரு பேர் வருவார்கள். பத்துப் பேர் ஆடுவார்கள், ஒருவர் காத்திருப்பார். லேத் மாமா மட்டும் காத்திருந்து நான் பார்த்ததில்லை. சென்டரில் அவர் நின்றால் பந்து அவரைத் தாண்டிப் போகாது. தெரு டீமுக்குக் கேப்டனும் அவர்தான்.

என் அண்ணன் அந்த வருஷம் பிளஸ் டூ எழுதியிருந்தான். இவன் இன்ஜினியர் ஆகப் போகிறான் என்று அப்பா தன் கம்பெனியில் கேன்டீன்காரர் வரைக்கும் சொல்லி வைத்திருந்தார். ரிசல்ட் வந்த பேப்பரில் அண்ணன் நம்பர் இல்லை. கணக்கில் போய்விட்டது. அப்பா பேப்பரை மடித்து வைத்தார். பிறகு, "இனிமே எம்மூஞ்சிலயே முழிக்காத" என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு ஷிப்டுக்குக் கிளம்பினார்.

அப்பா கோபத்தில் சொன்னதை அண்ணன் அப்படியே எடுத்துக்கொண்டான். உள் அறையில் சுவரைப் பார்த்துப் படுத்தவன் எழுந்திருக்கவே இல்லை. சாப்பாட்டுத் தட்டு போன மாதிரியே திரும்பி வந்தது. குளிப்பதில்லை, பேசுவதில்லை, போகிற போக்கில் என் ஜடையை இழுப்பதில்லை. ஜடையை இழுக்காத அண்ணனை எனக்கு முன்பின் பழக்கமில்லை. கணக்கில் தோற்றவன் சோறு எதற்குச் சாப்பிடாமல் இருக்க வேண்டும் என்பதும் எனக்குப் புரியவில்லை. நானும் கைத்தொழில் பாடத்தில் முட்டை வாங்கியிருக்கிறேன். அன்றைக்கு இரண்டு தோசை கூடவே சாப்பிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை, மூன்றாவது ஷிப்ட் முடிந்து வந்துகொண்டிருந்த லேத் மாமா, அண்ணனைச் சைக்கிள் கேரியரில் உட்கார வைத்துக் கொண்டுவந்து இறக்கினார். அம்மா வாசலில் அவனைப் பார்த்ததும் கோலமாவுக் கிண்ணத்தோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவன் எப்போது வெளியே போனான் என்பதே எங்களுக்குத் தெரியாது.

"ஒண்ணுமில்லக்கா. ஏரில குளிக்கலாம்னு வந்துக்கிறான். கரமேல நின்னுகினு இருந்தான், இட்டாந்துட்டேன்" என்றார் மாமா.

நான் அண்ணனைச் சுற்றி வந்து பார்த்தேன். தலை காய்ந்திருந்தது. சட்டை காய்ந்திருந்தது. துண்டும் இல்லை, சோப்பும் இல்லை. "குளிக்கப் போனான்னா தலை ஏன் காஞ்சிகினு கீது?" என்று கேட்டேன். அம்மா என் வாயைப் பொத்தினாள். இன்னொரு கையால் அண்ணன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். மாமாவின் சைக்கிள் ஸ்டாண்டு போடாமல் தரையில் சாய்ந்து கிடக்க, பின்சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. அம்மா எதற்காகப் பயந்தாள் என்று தெரியாமலே எனக்கும் பயமாக இருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போனார். அடுத்த வீட்டில் ஒரு தீப்பெட்டி கேட்கவே கூச்சப்படுகிறவர் அவர். எங்கள் வீட்டில் ஏதோ விசேஷம், அழைக்கப் போகிறார் என்று நினைத்தேன். எனக்குத்தான் காது குத்தியாகிவிட்டதே, வேறென்ன விசேஷம் என்று யோசித்தேன். தாம்பாளமும் வெற்றிலைபாக்கும் இல்லாமல் யார் அழைக்கப் போவார்கள்? ஒவ்வொரு வாசலிலும் கொஞ்ச நேரம்தான் நின்றார். லேத் மாமா வீட்டில் மட்டும் அவர் கைகளை மாமா ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமையிலிருந்து பொய்கள் தொடங்கின.

முதலில் வந்தவர் கிரேன் மாமா. அவருக்கு அந்த வாரம் இரண்டாவது ஷிப்ட், காலையில் சும்மா இருந்தார். எனக்கும் பள்ளிக்கூடம் லீவு. பத்து மணிக்கு வெள்ளைத் தாளோடு வந்து, "நைனா, இங்கிலீசுல ஒரு லீவ் லெட்டர் எய்திக் குடு. எங்க பெரிம்மா பூட்டாங்க" என்றார். அண்ணன் சுவரைப் பார்த்தபடியே கிடந்தான். ஆனால் இழவு வீட்டுக்காரரிடம் முடியாது என்று எப்படிச் சொல்வது? எழுந்து உட்கார்ந்து எழுதிக் கொடுத்தான். வியாழக்கிழமை மாமா மறுபடி வந்தார். மறுபடியும் பெரியம்மா. அதே பெரியம்மாவா என்று கேட்டேன். "இது இன்னொரு பெரிம்மா" என்றார். அவருடைய அம்மா வீட்டுக்கு ஒரே பெண் என்று அவர் மனைவியே ஒருநாள் சொல்லியிருக்கிறார். கறிவேப்பிலை கேட்டு நான் அவர்கள் வீட்டுக்குப் போனபோது, அண்ணன் எழுதிய இரண்டு லெட்டரும் உப்பு ஜாடிக்கு அடியில் மடிப்புக் கலையாமல் இருந்தன.

கிரேன் மாமாவின் மனைவியை நான் அத்தை என்பேன். அவர் மத்தியான வேளையில் கிண்ணத்தோடு வருவார். "விரதம் கண்ணு, வாயில வைக்கக் கூடாது. உப்பு கீதான்னு நீ பாத்துச் சொல்லு" என்று அண்ணன் முன்னால் உட்கார்ந்துவிடுவார். விரதமிருக்கும் பெண்கள் சமைத்ததை ருசி பார்க்க மாட்டார்கள். வீட்டில் இருக்கும் சின்னவர்களைக் கூப்பிட்டு உப்புப் பார்க்கச் சொல்வார்கள். அது எங்கள் எல்லோர் வீட்டிலும் உள்ள வழக்கம்தான். ஆனால் அத்தை செவ்வாய் விரதம் என்றார், வெள்ளி விரதம் என்றார், பிறகு புதனுக்கும் சனிக்கும்கூட விரதம் என்றார். ஒரு ஸ்பூன் ருசி பார்த்தால் தெரியாது, இன்னும் கொஞ்சம் சோறு போட்டுப் பார் என்பார். அப்படியே அரைத் தட்டு உள்ளே போகும். ஒருநாள் கிண்ணத்தில் இருந்தது கருவாட்டுக் குழம்பு.

"கருவாடு ஆக்கிகினு இன்னா விரதம் அத்தை?" என்றேன்.

"இது வேற விரதம்டீ, உனக்குத் தெரியாது. போய் வெளாடு" என்றார் அத்தை. அண்ணன் என்னைப் பார்த்தான், அத்தையைப் பார்த்தான், குனிந்து சாப்பிட்டான்.

அடுத்த திங்கட்கிழமை ஷிப்ட் மாறியது. கிரேன் மாமா நின்றுபோய், காலையில் வெல்டிங் மாமா வந்தார். அவர் கையில் பாடாத ரேடியோ. கழற்றிக் கொடு, மாட்டிக் கொடு, உனக்குத்தான் இதெல்லாம் தெரியும் என்றார். அண்ணனுக்கு ரேடியோவைப் பற்றி ஒன்றும் தெரியாது. இரண்டு பேரும் அதை நாலு நாள் கழற்றி மாட்டினார்கள். அப்பா கம்பெனிக்கு ஷிப்ட் போகிற மாதிரி எங்கள் வீட்டுக்கும் ஆட்கள் ஷிப்டில் வருகிறார்கள் என்பதை நான் அப்போதுதான் கண்டுபிடித்து, ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தேன். எதற்கு வருகிறார்கள் என்ற இடத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன்.

மூன்றாவது வாரம் மைதானத்திலிருந்து நாலைந்து பேர் பேட்டும் கையுமாக வாசலில் வந்து நின்றார்கள். "ஒரு ஆளு கொறையுதுடா. ஒம்போது பேர வச்சிகினு எப்படி ஆடறது? நீ சும்மா வந்து நில்லு, போதும்" என்றார்கள். முதல் நாள் அண்ணன் எழுந்திருக்கவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. மூன்றாம் நாள் அவர்கள் ஆடாமலே வாசலில் குந்தி உட்கார்ந்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் போனான். சட்டை அவன் மேல் கொடியில் போட்டது போலத் தொங்கியது. எல்லோரும் அவன் பக்கமே பந்தை அடித்தார்கள். குழந்தைக்குக்கூட எட்டும்படி மெதுவாக அடித்தார்கள். நான் சுவரில் பாயின்ட் எழுதிக்கொண்டே குழம்பினேன். பதினொரு பேரில் ஒருவர் ஊருக்குப் போயிருந்தார், அப்படியும் பத்துப் பேர் இருக்க வேண்டுமே, எப்படி ஒரு ஆள் குறையும்? லேத் மாமா எங்கே என்று கேட்டால் ஓவர்டைம் என்றார்கள். ஆனால் அவருக்கு அந்த வாரம் மூன்றாவது ஷிப்ட், ராத்திரி பத்துக்குத்தான் வேலை. மூன்று மணிக்கு அவர் கடைக்குப் போய்ச் சைக்கிளில் வந்து இறங்கியதை நானே என் கண்ணால் பார்த்திருந்தேன்.

நான்காம் நாள் யாரோ ஓங்கி அடித்த பந்து பம்பு ஷெட்டுக்குப் பின்னால் போய் விழுந்தது. எடுக்க ஓடினேன். அங்கே லேத் மாமா சுவரோடு சுவராகக் குந்தியிருந்தார். மடியில் பேட். வெளியே கேட்கும் பந்துச் சத்தத்துக்கு ஏற்ப அவருடைய தோள் மட்டும் தானாக அசைந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் வாயில் விரலை வைத்து, வேண்டாம் என்று தலையாட்டினார்.

கிளாஸ் லீடரிடம் அது நடக்குமா? "ஆளு கொறையல! லேத் மாமா இங்கதான் ஒளிஞ்சிகினு கீறாரு! எல்லாரும் பொய் சொல்றீங்கோ!" என்று கத்திக்கொண்டே ஓடிவந்தேன்.

ஆட்டம் நின்றது. எல்லோரும் என்னைப் பாராட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். யாரும் என்னைப் பார்க்கவே இல்லை. எல்லோரும் அண்ணனைத்தான் பார்த்தார்கள். ஷெட்டுக்குப் பின்னாலிருந்து லேத் மாமா நொண்டிக்கொண்டே வெளியே வந்தார்.

"முட்டி புடிச்சிகிச்சுபா. ஆட முடியல. அதான் குந்திகினு கீறேன்" என்றார்.

"பொய்! இப்பத்தானே சைக்கிள் மிதிச்சிகினு வந்தீங்க" என்றேன்.

அண்ணன் கையிலிருந்த பேட்டைச் சுண்ணாம்புக் கோட்டின் மேல் மெதுவாக வைத்தான். யார் முகத்தையும் பார்க்காமல் நடக்க ஆரம்பித்தான். வீட்டுப் பக்கம் போகவில்லை. ஏரிப் பக்கம் போனான். வெல்டிங் மாமா வலைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார். எங்கள் வீட்டு வாசலில் அம்மா வந்து நிற்பது தெரிந்தது. எல்லோரும் ஓடிப்போய்ப் பிடிக்கப் பார்த்தால் அண்ணனும் ஓடிவிடுவான் என்று பயந்தார்களோ என்னவோ, ஒருவரும் அசையவில்லை. லேத் மாமா மட்டும் அவன் பின்னால் போனார். அப்போதும் நொண்டிக்கொண்டேதான் போனார்.

நான் மாமாவோடு ஓடினேன். அவர் எங்கே நொண்டலை மறக்கிறார் என்று கண்டுபிடிப்பதுதான் முதலில் என் எண்ணம். அண்ணன் முள்வேலியைத் தாண்டியதும் அந்த எண்ணம் போய்விட்டது. அவன் தூரமாகிக்கொண்டே இருந்தான். "மாமா, வேகமா ஓடுங்க மாமா, அவன் போறான்" என்றேன். அவர் இடதுகாலை இழுத்து இழுத்து, ஓட்டமும் இல்லாத நடையும் இல்லாத ஒரு வேகத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு போனார். சரியாக ஓடினால் ஒரு நிமிஷத்தில் பிடித்துவிடலாம். ஏன் ஓட மாட்டேன் என்கிறார் என்று எனக்கு அழுகை வந்தது.

கரைமேல் ஏறியதும் அண்ணன் நின்றான். திரும்பி மாமாவை மேலும் கீழும் பார்த்தான்.

"எந்தக் கால் மாமா?" என்றான்.

அந்த மூன்று வாரத்தில் அவனாகப் பேசி நான் கேட்ட முதல் வார்த்தை அது. மாமா குனிந்து தன் இரண்டு காலையும் பார்த்தார். நெற்றி வியர்வையைத் துடைத்தார். பிறகு, "ரைட்டு" என்றார்.

வழியெல்லாம் அவர் இழுத்து வந்தது இடதுகால். நான் வாயைத் திறந்தேன். அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தான். ஏனென்று தெரியாமல் மூடிக்கொண்டேன்.

அண்ணன் கரைமேல் உட்கார்ந்தான். மாமாவும் வலதுகாலை ஜாக்கிரதையாக நீட்டிப் பக்கத்தில் உட்கார்ந்தார். "உங்கப்பா ஒவ்வொரு ஊடா வந்துச்சிடா" என்றார் மாமா. "எம்புள்ளய தனியா உட்றாதீங்கன்னு கைய கூப்பிச்சி. அந்தாளு யாராண்டயும் வாய்தொறந்து ஒண்ணு கேட்டதில்ல. இன்னா பேசிட்டமேன்னு அதுக்குத் தூக்கமே இல்லடா."

அண்ணன் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். அவ்வளவு பெரிய பையன் அழுது நான் பார்த்ததே இல்லை. மாமா அவன் முதுகில் கையை வைத்தார். எடுக்கவே இல்லை. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தனியாக விடக் கூடாது என்று சொல்ல அவன் என்ன கைக்குழந்தையா? நானே குமணன்சாவடி வரைக்கும் தனியாக பஸ்ஸில் போய் வருகிறேன். இருந்தாலும் அவன் அழுவதைப் பார்த்து நானும் அழுதேன். எதற்கு அழுகிறோம் என்று தெரியாமல் அழுதது அதுதான் முதல் தடவை.

திரும்பும்போது மாமா எழுந்திருக்கச் சிரமப்பட்டார். அண்ணன் அவர் கையைத் தூக்கித் தன் தோள்மேல் போட்டுக்கொண்டான். மாமா இப்போது வலதுகாலை நொண்டினார். இரண்டு பேரும் அப்படியே மைதானத்துக்கு வந்தபோது அத்தனை பேரும் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார்கள்.

"இன்னா மாமே, ரொம்ப வலியா?" என்றார் கிரேன் மாமா.

"ஆமாம்பா. எனக்குப் பதிலா இவன்தான் ஆடணும்" என்றார் லேத் மாமா.

அண்ணன் குனிந்து பேட்டை எடுத்தான். "இன்னா பாயின்ட்?" என்று என்னிடம் கேட்டான். சுவரைப் பார்த்து, பதினெட்டுக்குப் பதினொன்று என்று படித்தேன். அவன் இருந்த பக்கம்தான் தோற்றுக்கொண்டிருந்தது. கடைசியில் தோற்கவும் செய்தது.

அன்றைக்கு எனக்கு அடி விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. அம்மா என்னைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அது அடியைவிடக் குழப்பமாக இருந்தது. மறுநாள் காலை அப்பா அண்ணனோடு உட்கார்ந்து சாப்பிட்டார். தன் தட்டிலிருந்த முட்டையை எடுத்து அவன் தட்டில் வைத்தார், அவ்வளவுதான்.

லேத் மாமா அதற்குப் பிறகு ஆடவில்லை. சைக்கிளில் அவர் நேராக மிதித்து வருவதையும், எங்கள் தெரு முனையில் இறங்கி வலதுகாலை நொண்டிக்கொண்டே தள்ளி வருவதையும் நான் பல நாள் பார்த்தேன். ரஃப் நோட்டில் எழுதவில்லை. பொங்கலுக்கு வெள்ளானூர் டீமோடு ஆடுவது எங்கள் தெரு வழக்கம். வருஷா வருஷம் மாமாதான் சென்டர். அந்த வருஷம் அவர் கோட்டுக்கு வெளியே தண்ணீர்க்குடத்தோடு உட்கார்ந்திருக்க, அண்ணன் சென்டரில் நின்றான். தோற்றோம். அதற்கு முன்பே செப்டம்பரில் அண்ணன் கணக்கை மறுபடி எழுதினான், மறுபடியும் போனது. ரிசல்ட் வந்த அன்று தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. சாயங்காலம் அவன் பேட்டை எடுத்துக்கொண்டு முதல் ஆளாக மைதானத்துக்குப் போனான். மார்ச்சில் எழுதித் தேறிவிட்டான். அதற்குள் அது யாருக்கும் பெரிய விஷயமாக இல்லை.

அதற்கு அடுத்த வருஷம் ஒருநாள். அண்ணன் அப்போது அம்பத்தூர் எஸ்டேட்டில் அப்ரண்டிஸ். ஷிப்ட் முடிந்து வந்து, பேட்டை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனவன், ஆட்டம் தொடங்கும் முன்பே திரும்பி வந்து வாசற்படியில் உட்கார்ந்தான். கோடி வீட்டுப் பையன் ஒருவன் படிக்கப் போன ஊரிலிருந்து பாதியில் திரும்பி வந்து, ஒரு மாதமாகக் கதவைச் சாத்திக்கொண்டிருந்த சமயம் அது. அன்றைக்கு அந்தப் பையன் மைதானத்தில் நிற்பது எங்கள் வாசலிலிருந்தே தெரிந்தது. அண்ணன் கழுத்தை நீட்டி அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆடலையா?" என்றேன்.

"முட்டி வலி" என்றான்.

பாவமாக இருந்தது. நாள் முழுக்க மெஷின் முன்னால் நிற்கிறவன். உள்ளே போய்த் தைலப் புட்டியை எடுத்துவந்து அவன் எதிரில் உட்கார்ந்தேன்.

"எந்தக் கால்?"

அண்ணன் குனிந்து தன் இரண்டு காலையும் பார்த்தான். வலிக்கிற கால் எது என்று சொல்ல இவ்வளவு யோசனையா என்று எனக்கு எரிச்சல் வந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு காலுக்கும் தேய்த்துவிட்டேன்.